ஒரு பக்கம் மட்டும் ஆணான சருகுப்பூச்சி

போன மாதம் துறைக்குப் போயிருந்தேன். புதிதாக வந்திருக்கும் ஆசிரியை ஒருவர் கைபேசியை எடுத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த ஒரு பழுப்பு நிற அந்துப்பூச்சிக்கு நேரே நீட்டினார். நான் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் கைபேசி அதன் பெயரைச் சொல்லிவிட்டது. சரியான பெயர்தான். அதே பூச்சியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொள்ள எனக்கு மூன்று வருடம் ஆனது.

"நீங்க இவ்ளோ வருஷம் இதுங்களோட இருந்தீங்களேம்மா, துறை மலருக்கு ஏதாச்சும் எழுதிக் குடுங்க" என்றார்.

சரி என்றேன். எழுதுவது பேசுவதைவிடப் பரவாயில்லை. என் பணி நிறைவு விழாவில் என்னை ஒலிபெருக்கி முன்னால் நிறுத்தினார்கள். "எல்லாருக்கும் வணக்கம்" என்றேன். அடுத்த சொல் "நன்றி" என்று வந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவில் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

எனக்கு ஊர் முள்ளிப்பட்டு. வீட்டில் பட்டுத் தறி. பத்தாவது முடித்ததும் நான் செய்த வேலை புணைப்பு. தறியில் நீளவாட்டில் ஓடும் ஒரு பாவு முடிந்து அடுத்த பாவு ஏறும்போது, பழைய பாவின் ஒவ்வொரு இழையையும் புதிய பாவின் ஒவ்வொரு இழையோடும் சேர்க்க வேண்டும். விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, இரண்டு நுனிகளையும் சேர்த்து ஒரு திருகு. முடிச்சு கிடையாது. ஆயிரக்கணக்கான இழைகள். பக்கத்தில் உட்கார்ந்து யார் வம்பு பேசினாலும் கை பாட்டுக்கு ஓடும். பேச்சு வராத எனக்கு அது நல்ல வேலை.

என் கணவர் ஆரணிக்கு வெளியே இருக்கும் இந்தக் கல்லூரியில் தோட்ட வேலை பார்த்தார். அவர் திடீரென்று இறந்துபோனதும், விலங்கியல் துறையில் ஆய்வக உதவியாளர் வேலையை எனக்குக் கொடுத்தார்கள். ஆய்வகம் என்றால் ரத்தம் எடுக்கும் இடம் என்று நினைத்து முதல் நாள் வெறும் வயிற்றோடு போனேன்.

துறைத் தலைவர் தணிகாசலம் சார். குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைப்பார். அவர் துடைக்கத் தொடங்கினால் மாணவர்கள் வெளியே போய்விடுவார்கள். ஒரு பக்கம் எழுதிய தாளைத் தூக்கிப் போட்டு நான் பார்த்ததில்லை. பழைய கேள்வித்தாள், கல்யாணப் பத்திரிகை, மருந்துச் சீட்டு எதுவானாலும் வெள்ளையாக இருக்கும் பக்கத்தில் எழுதுவார். துறைக்கு வெள்ளைத் தாள் வாங்கியதையே நான் பார்த்தது குறைவு.

இன்னொரு பழக்கம், பூச்சிகளை மரியாதையோடுதான் அழைப்பார். "இவர் எந்த மரத்துல உக்காந்திருந்தார்?" "இவங்களுக்குப் பூஞ்சை புடிச்சிருக்கு, உடனே கவனிங்க சுந்தரிம்மா." ஒரு முறை கம்பளிப்பூச்சியைப் பார்த்து ஒரு மாணவி "சீ" என்றாள். சார் மெதுவாகக் கேட்டார்: "அவரு உன்னப் பாத்து சீன்னு சொன்னாராம்மா?"

வருடத்துக்கு இரண்டு முறை மாணவர்கள் ஜவ்வாது மலைக்குப் போய் அந்துப்பூச்சிகளைக் கொண்டு வருவார்கள். ஆரணிப் பிள்ளைகள் இல்லையா, எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "சார், இதுதான் பட்டு குடுக்குற பூச்சியா?" சார் ஒவ்வொரு வருடமும் ஒவ்வொருவருக்கும் "இல்லப்பா, இவரு வேற குடும்பம்" என்று பதில் சொல்வார்.

வந்த பூச்சி காய்ந்து விறைத்திருக்கும். அப்படியே இறக்கையை விரித்தால் அப்பளம் போல நொறுங்கிவிடும். மூடி போட்ட டப்பாவில் ஈர மணலைப் பரப்பி, மேலே தாள் விரித்து, அதன்மேல் ஒரு நாள் வைக்க வேண்டும். மறுநாள் மெத்தென்று ஆகிவிடும். முதுகில் ஊசியைக் குத்தி, நடுவில் பள்ளம் வெட்டிய தெர்மாகோல் பலகையில் நிறுத்தி, இறக்கைகளை இன்னொரு ஊசியால் மெல்ல நகர்த்த வேண்டும். விரல் பட்டால் இறக்கையின் நிறம் விரலோடு வந்துவிடும். முன் இறக்கைகளின் கீழ் விளிம்பு இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். கோணல் தெரிந்தால் சார் ஒன்றும் சொல்ல மாட்டார். கண்ணாடியைக் கழற்றுவார்.

ஒரு வாரம் காய்ந்த பிறகு ஊசியின் கீழே சின்ன அட்டை. எந்த இடம், எந்த நாள், எந்த மரம், பிடித்தவர் யார். அதன் பிறகுதான் கண்ணாடிப் பெட்டி. மூலையில் அந்துருண்டை. எறும்பு ஏறாமலிருக்க அலமாரியின் நான்கு கால்களுக்கும் நான்கு கிண்ணம் தண்ணீர். இதையெல்லாம் கற்றுக்கொள்ள முதல் மூன்று வருடங்கள் போயின. அதைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. நிறைய உடைத்தேன், அவ்வளவுதான்.

லத்தீன் பெயர்கள் என் நாக்குக்குள் நுழையவில்லை. நானே சேலைக் கணக்கில் பெயர் வைத்துக்கொண்டேன். இறக்கையில் வட்டம் இருந்தால் மயில்கண். ஓரத்தில் அகலப் பட்டை இருந்தால் கெட்டிக்கரை. அதிகமாக வந்தது சருகு. பழுப்பு நிறம். முன் இறக்கையின் நுனி அரிவாள் போல வளைந்திருக்கும். குறுக்கே மூன்று மங்கலான கோடுகள். மரப்பட்டையில் உட்கார்ந்தால் காய்ந்த இலை ஒட்டிக்கொண்டிருப்பதாகத்தான் தோன்றும். ஆணா பெண்ணா என்பதை உணர்கொம்பு சொல்லிவிடும். ஆணுக்கு இரண்டு கொம்புகளும் சீப்பு போலப் பல் வைத்திருக்கும். பெண்ணின் வாசனையைத் தூரத்திலிருந்தே பிடிப்பதற்காம். பெண்ணுக்கு அது வேண்டியதில்லை. இரண்டும் வெறும் இழை.

மலைக்குப் போய் வந்தால் பாதிக்குப் பாதி சருகுதான் இருக்கும். மாணவர்கள் அலுத்துக்கொள்வார்கள். சார் மட்டும் ஒவ்வொரு சருகுக்கும் அட்டை எழுதுவார். "தெனமும் வர்றவரத்தான் மரியாதையா கவனிக்கணும்" என்பார்.

நான் சேர்ந்த முதல் வருடம் அது. ஒரு பெண் சருகை அலமாரியில் வைக்கும்போது என் முந்தானை பட்டு அதன் இடது கொம்பு ஒடிந்துவிட்டது. அடிக்கட்டை மட்டும் எள் அளவு நின்றது. ஒடிந்த துண்டை மின்விசிறி எங்கே கொண்டுபோனதோ தெரியவில்லை, தரை முழுவதும் தவழ்ந்து தேடினேன். அதற்கு முந்தின வாரம்தான் இரண்டு பூச்சிகளை நொறுக்கியிருந்தேன். சார் இரண்டு முறை கண்ணாடி துடைத்திருந்தார்.

அன்று சாயங்காலம் முள்ளிப்பட்டுக்குப் போனேன். என் அண்ணி வள்ளி தறியில் இருந்தாள்.

"அண்ணி, காப்பிக்கலர்ல ஒரு ஜாண் இழை வேணும்."

"எதுக்கும்மா?"

"பூச்சிக்கு. கொம்பு ஒடிஞ்சிபோச்சி."

அண்ணி தறியை நிறுத்தினாள். "உசுரோட கீற பூச்சியா?"

"செத்ததுதான்."

"செத்த பூச்சிக்கு இன்னாத்துக்குடி கொம்பு? அதப் பொண்ணு பாக்க யாரு வந்துகினு கீறாங்க?"

சிரித்துக்கொண்டே இழையைக் கொடுத்தாள். மறுநாள் சார் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து, இழையைப் பிரித்து மெல்லிய ஒரு புரியை எடுத்து, சாம்பல் தொட்டு முறுக்கி, துளிப் பசையோடு அந்த எள்ளளவுக் கட்டையில் புணைத்தேன். நுனியை வலது கொம்பின் நீளத்துக்குச் சரியாக வெட்டினேன். தப்பு என்றே தோன்றவில்லை. எங்கள் வீட்டில் அறுந்த இழையைப் பார்த்துவிட்டுப் புணைக்காமல் போனால்தான் திட்டு விழும். சாயங்காலம் சார் அந்தப் பெட்டியைப் பார்த்தார். "இவர நல்லா விரிச்சிருக்கீங்க" என்றார். அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அதற்குப் பிறகு பதினைந்து வருடம் அதை நான் மறந்துபோனேன்.

தணிகாசலம் சார் ஓய்வு பெறுவதற்கு மூன்று மாதம் இருந்தபோது ஒரு பெரிய மழை. துறையின் கூரை ஒழுகி அலமாரிக்குள் ஈரம் ஏறியது. மழை விட்டதும் ஒவ்வொரு பெட்டியாக எடுத்துக் காய வைத்துக்கொண்டிருந்தோம். சார் உருப்பெருக்கிக் கண்ணாடியால் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தவர், திடீரென்று கத்தினார். ஆமாம், கத்தினார்.

"சுந்தரிம்மா! இங்க வாங்க! ஜல்தி!"

பாம்பு என்று நினைத்துத் துடைப்பத்தோடு ஓடினேன்.

"இவரப் பாருங்க. வலது பக்கம் வெறும் இழை. பெண். இடது பக்கம் சீப்பு. ஆண்! ஒரே உடம்புல பாதி ஆண், பாதி பெண்! நான் புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். என் கையிலயே இருந்திருக்காருமா இத்தன வருஷமா!"

குனிந்து பார்த்தேன். ஈரத்தில் ஊறிக் காய்ந்த பட்டு, முறுக்கு விட்டுப் பிரிந்து, இரண்டு பக்கமும் மெல்லிய மயிராகச் சிலிர்த்து நின்றது. பார்க்க அச்சு அசல் ஆண் சருகின் கொம்பு போலத்தான் இருந்தது. சாருக்குக் கண்ணில் புரை வளர ஆரம்பித்திருந்த காலம் அது. துறையின் நல்ல நுண்ணோக்கிக்கு விளக்கு போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. ஒடிந்துவிடும் என்று பயந்து அந்தக் கொம்பை அவர் தொடவுமில்லை.

அன்றே சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. மற்ற துறைக்காரர்கள் எதையாவது கண்டுபிடித்துப் பத்திரிகையில் எழுதுவார்கள். சார் முப்பது வருடமாகச் சருகுக்கு அட்டை எழுதினார். பின்னால் சிரித்தவர்கள் உண்டு. அவருக்கும் அது தெரியும். அன்று மாலையே கல்லூரி முதல்வரிடம் சொல்லிவிட்டார். வெளியூர் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு அந்துப்பூச்சி நிபுணரை வரவழைப்பது, அவர் பார்த்து உறுதி செய்ததும் சாரின் பிரிவு உபசார விழாவில் அறிவிப்பது என்று முடிவானது. நிபுணர் வந்து நல்ல நுண்ணோக்கியில் பார்த்தால் பட்டுநூல் என்று தெரிந்துவிடும். முப்பது வருடம் கௌரவமாக இருந்த மனிதர், கடைசி மாதத்தில் எல்லார் முன்னாலும் கேலிப்பொருளாக நிற்பார். என் கை செய்த வேலையால்.

மறுநாள் அவர் அறைக் கதவருகே போய் நின்றேன். "சார்..."

"என்னம்மா, டீயா?"

"ஆமா சார்."

டீ கொண்டுவந்து கொடுத்தேன். மத்தியானம் மறுபடி நின்றேன். மறுபடி டீ. அந்த வாரம் சார் ஒரு நாளைக்கு ஐந்து டீ குடித்தார். வெள்ளிக்கிழமை, "சுந்தரிம்மா, நான் ரிட்டயர் ஆகப்போறன்னு இவ்ளோ பாசம் வேணாம், வயிறு எரியுது" என்றார்.

அண்ணியிடம் போய் அழுதேன். அவள் கேட்டுவிட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுத் தறி நின்றுபோனது.

"நீ வச்ச மீசையால அது ஆம்பளையாச்சா? அய்ய, இன்னா பேஜாருடி இது! நாத்தனாரே, உனக்கு வாயில வராது. பேசாம எழுதிக் குடுத்துடு."

அது நல்ல யோசனையாகத் தோன்றியது. ஒரு முழு வெள்ளைத் தாள் வாங்கி, நடந்ததையெல்லாம் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டேன். சார் இல்லாத நேரம் அவர் மேஜையில் வைத்தேன். எழுத்து மேலே தெரியும்படி வைக்க வெட்கமாக இருந்தது. குப்புறத் திருப்பி வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் பார்த்தேன். தாள் இல்லை. படித்துவிட்டார்!

அடுத்த பத்து நாட்கள் நான் அவர் முகத்தையே கவனித்தேன். என்னைத் திட்டவில்லை. கண்ணாடி துடைக்கவில்லை. "என்னம்மா, நல்லா இருக்கீங்களா?" என்றுகூடக் கேட்டார். பெரிய மனசு, மன்னித்துவிட்டார், நிபுணரை வர வேண்டாம் என்று எழுதியிருப்பார் என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கினேன்.

பதினோராம் நாள் காலை சார் புது வேட்டி சட்டையில் வந்தார். மேஜைக்கு வெள்ளைத் துணி விரிக்கச் சொன்னார்.

"எதுக்கு சார்?"

"சொல்ல மறந்துட்டேனா? நிபுணர் பதினோரு மணிக்கு வர்றாங்க. நான் லெட்டர் போட்டேன்ல, நேத்து சாயங்காலம் பதில் வந்துச்சி."

வெள்ளைத் துணி என் கையிலிருந்து விழுந்தது. "சார், நான் எழுதி வச்சேனே. உங்க மேஜ மேல. நீங்க படிச்சீங்கல்ல?"

"என்ன எழுதி வச்சீங்க?"

அப்போது வேறு வழியில்லை. டீ கொடுக்கவும் முடியாது. சொன்னேன். முந்தானை, கொம்பு, காப்பிக்கலர் இழை, சாம்பல், பசை, மழை. மூச்சு விடாமல் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் பேசிய மிக நீளமான பேச்சு அது.

சார் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையிலேயே வைத்திருந்தார். "இடது பக்கமா?" என்று கேட்டார்.

"ஆமா சார்."

உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்தார். இந்தப் பக்கமிருந்து பார்த்தார், அந்தப் பக்கமிருந்து பார்த்தார். "புணைப்பு எங்க இருக்கு?" என்றார். "எனக்குத் தெரியலயேம்மா."

அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அழுகையை வரவைத்தது. உட்கார்ந்தார். திடீரென்று நிமிர்ந்தார்.

"நீங்க எழுதி வச்சீங்களே, அது எந்தத் தாளு?"

"முழு வெள்ளைத் தாள் சார். வெக்கமா இருந்துச்சி, குப்புற வச்சிட்டேன்."

சாரின் முகம் வெளுத்தது. "நல்ல வெள்ளத் தாளா ஒண்ணு மேஜ மேல இருந்துச்சி. பெரியவங்களுக்கு எழுதறோமே, கேள்வித்தாளுல எழுதக் கூடாதுன்னு அதுலதான் லெட்டர் எழுதினேன்."

"பின்பக்கம் பாக்கலியா சார்?"

"வெள்ளைப் பக்கம் கெடைச்சா நான் எப்பம்மா பின்பக்கம் பாத்திருக்கேன்?"

சார் மெதுவாகக் கேட்டார்: "அப்படின்னா, அவங்க எல்லாம் தெரிஞ்சிதான் வர்றாங்க. எதுக்கு வர்றாங்க?"

வாசலில் கார் வந்து நின்றது.

நிபுணர் ஒரு பெண். சுகந்தி மேடம் என்று அழைத்தோம். என் வயதுதான் இருக்கும். முதல்வர் மாலையோடு நின்றிருந்தார். சார் யாரையும் பேச விடவில்லை. நேராக அவர் முன்னால் போய், "மேடம், மன்னிக்கணும். நான் எழுதினது தப்பு. அவரு பாதி ஆண் இல்ல. பட்டு நூல். உங்கள வீணா அலைய வச்சிட்டேன். பொறுப்பு என்னுது, எங்க உதவியாளரோடது இல்ல" என்றார். முதல்வர் மாலையை எங்கே வைப்பதென்று தெரியாமல் தன் கையிலேயே சுற்றிக்கொண்டார்.

மேடம் பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். திருப்பிக் காட்டினார். என் கையெழுத்து.

"முன்பக்கம் படிச்சேன், வர வேணாம்னு தோணிச்சி. நெறய பேரு இப்படி எழுதுவாங்க சார். பின்பக்கம் படிச்சேன், வந்தே ஆகணும்னு தோணிச்சி. இதுல சுந்தரின்றது யாரு?"

நான் அலமாரிக்குப் பின்னால் இருந்தேன். சார் இழுத்து வந்து நிறுத்தினார்.

மேடம் கூடவே ஒரு நுண்ணோக்கி கொண்டுவந்திருந்தார். அரை மணி நேரம் பார்த்தார். புணைப்பைக் கண்டுபிடித்துவிட்டார், ஆனால் கடைசியில்தான். பிறகு என்னை நன்றாகத் திட்டினார். "இனிமே ஒடைஞ்சா ஒடைஞ்ச மாதிரியே வைக்கணும். பூச்சிக்கிட்ட இல்லாதத நாம சேக்கக் கூடாது. புரியுதா? எவ்ளோ அழகா செஞ்சாலும் அது பொய்."

தலையாட்டினேன். கொஞ்ச நேரம் கழித்து, "எவ்ளோ அழகா செஞ்சிருக்கீங்க" என்று தனியாக ஒரு முறை சொன்னார்.

அதன் பிறகு மற்ற பெட்டிகளைத் திறக்கச் சொன்னார். வரிசை வரிசையாகச் சருகு. முப்பது வருடச் சருகு. ஒவ்வொன்றின் கீழும் இடம், நாள், மரம். மேடம் பெட்டி பெட்டியாகப் பார்த்தார். மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டும் வரவில்லை. கடைசியில், "அபூர்வமானது எல்லார்கிட்டயும் ஒண்ணு ரெண்டு இருக்கும் சார். சாதாரணமானத இப்படி விடாம யாரும் சேத்து வைக்கல. இந்த மலையில எந்த மாசம் எது வருதுன்னு இதுல இருக்கு. இத நான் படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டார்.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோபம் இல்லாமல் அவர் அப்படித் துடைத்ததை நான் அன்றுதான் பார்த்தேன்.

மேடம் புறப்படும்போது, "அந்தக் கொம்ப எடுத்துடட்டுமா?" என்று நான் கேட்டேன். "வேணாம், எடுத்தா கட்டையும் ஒடையும். ஆனா அட்டையில எழுதி வைங்க" என்றார்.

சார் புது அட்டை ஒன்றை வெட்டினார். இரண்டு பக்கமும் வெள்ளையான அட்டை. முதல் அட்டைக்குக் கீழே அதே ஊசியில் குத்தினார். அது இன்றும் இருக்கிறது. "பெண். இடது உணர்கொம்பு பட்டு. புணைத்தவர்: சுந்தரி, முள்ளிப்பட்டு." துறையில் இருக்கும் ஆயிரக்கணக்கான அட்டைகளில் பெரும்பாலானவை நான் வெட்டி, நான் குத்தியவைதான். என் பெயர் இருப்பது அதில் ஒன்றில் மட்டும்.

பிரிவு உபசார விழாவில் சாரே இந்தக் கதையை ஒலிபெருக்கியில் சொன்னார். ஐந்து டீயையும் விடவில்லை. சிரிப்பு அடங்கப் பத்து நிமிடம் ஆனது. முன்பு அவர் பின்னால் சிரித்தவர்கள் அன்று அவரோடு சேர்ந்து சிரித்தார்கள்.

கைபேசியில் பெயர் பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கைபேசி சொன்ன பெயர் சரிதான். அந்தச் சருகின் இரண்டாவது அட்டையை அது படிக்காது, நீங்கள் படியுங்கள். ஊசியிலிருந்து கழற்றிவிடாதீர்கள். மழைக்காலம் முடிந்ததும் வருடத்துக்கு ஒரு முறை, மெல்லிய தூரிகையை ஈரம் தொட்டு, இடது கொம்பை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக நீவி விடுங்கள். இல்லாவிட்டால் இவர் மறுபடியும் பாதி ஆணாகிவிடுவார்.